பலாப்பழம் வேண்டா, படை அனுப்புக

“குதிரைக்கு வைக்கிறதை எனக்கு வைத்துவிட்டால் குதிரை என்ன தின்னும்?”

“குதிரைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. நீங்கள் குடியுங்கள்.”

“குடிக்கலாம். குடித்த பிறகு என்னைக் கொட்டிலில் கட்டிவிட மாட்டீர்களே?”

இவ்வாறு கேட்டவர், கொள்ளுக் கஞ்சி இருந்த கிண்ணத்தை ஒரு விரலால் மெல்லத் தள்ளி எதிரே இருந்தவர் பக்கம் சேர்த்தார். தள்ளியவர் வெண்கரை நாட்டுச் சேனாபதி கோளரி வேளார். கிண்ணம் வந்து நின்ற இடத்தில் அமர்ந்திருந்தவர் அந்நாட்டு அரசியார். இவ்வோலையில் மங்கலச் சொற்களுக்கு முன்னால் இப்பேச்சை எழுதும்படி பணித்தவரும் அவரே. கல்லக நாட்டு அவையில் ஓலையின் வாழ்த்துப் பகுதியைப் படிக்கும்போதே மன்னர் பெருமான் கண்ணயர்ந்து விடுகிறார் என்றும், அவர் விழிக்கும்போது ஓலையின் முடிவிலுள்ள முத்திரையைத்தான் காட்டுகிறார்கள் என்றும் எங்கள் தூதர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். இம்முறை மன்னர் விழித்திருந்து கேட்பது ஓர் உயிரைக் காக்கும் பொருட்டு அவசியமாகிறது.

இனி முறைப்படி.

நலம் பெருகுக. தும்பையாறு கடல் சேரும் துறைக்கு உரியவரும், உப்பளங்களின் காவலரும், புயலுக்கு அஞ்சாத குடியில் பிறந்தவருமான வெண்கரை நாட்டு அரசி மருதி நங்கையார், மலைகளை மதிலாகவும் முகிலைக் கொடியாகவும் கொண்ட கல்லக நாட்டுக் கோமான், தேன்வரை காவலர், எங்கள் சேனாபதியிடம் ஒரே ஒருமுறை தோற்றவர், அதுவும் மழையால் தோற்றவர் என்று தம் புலவர்களால் நிறுவப்பட்டவர், வல்லரணர் பெருமானுக்கு விடுக்கும் ஓலை இது. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் யானைகள் கொழுத்திருக்க. தங்கள் குடை நிழலில் குழந்தைகளும் கன்றுகளும் பெருகியிருக்க.

தாங்கள் அன்புடன் அனுப்பிய பலாப்பழங்களும் மலைத்தேனும் வந்து சேர்ந்தன. வண்டி கோட்டை வாயிலைத் தாண்டுவதற்குள் மணம் சேனாபதியின் மாளிகையைத் தாண்டிவிட்டது. தம் முற்றுகையை முறியடித்த பகைவருக்கு ஆண்டு தவறாமல் பழம் அனுப்பும் பெருந்தன்மையை அரசியார் வேறு எந்த நாட்டிலும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தங்கள் அம்புகளால் அன்று முடியாததை இன்று தங்கள் பலாச்சுளைகள் முடித்துவிடும் போலிருக்கிறது என்பதை வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியுள்ளது.

வேளாருக்கு நீரிழிவு. அரண்மனை மருத்துவர் கண்டனார் இதைச் சொல்லி மழைக்காலம் ஒன்று கழிந்துவிட்டது. தாகம் தீர்வதில்லை. மாலையானால் பாதங்கள் வீங்கிச் செருப்பு உள்ளே போவதில்லை. இடக்கால் விரலில் பட்ட சிறு புண் ஆறாமல் கிடக்கிறது. நெய்யும் வெல்லமும் பச்சரிசியும் நிறுத்தி, கொள்ளும் வரகும் கீரையும் பாகற்காயும் அளவாக உண்டு, நாள்தோறும் நன்றாக நடந்தால் புண் ஆறும் என்பது மருத்துவர் சொல். இல்லையேல் முதலில் விரல் போகும், பிறகு கால் போகும், அதன் பிறகு உயிரும் போகும்.

அரசியாருக்கு வயது இருபத்தாறு. வேளார் எழுபதை எட்டிப் பார்ப்பவர். இருவரும் நண்பர்கள். அவையில் பலர் இதை நம்புவதில்லை. அரசுக்கும் படைக்கும் உள்ள உறவென்று மரியாதையாக வேறு பெயர் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மை என்னவென்றால், முடிசூடிய நாள் முதல் அரசியாரிடம் தாயத்தில் தோற்றுப்போக இந்நாட்டில் ஒருவரும் தவறியதில்லை. வேளார் ஒருவர்தான் அவரை வெல்கிறார், அதுவும் இருமிக்கொண்டே காயை நகர்த்தி வெல்கிறார். சென்ற வாரம் ஆட்டத்தின் நடுவே தம் காய் எது என்று அவர் கேட்டார். புதுவகைக் கள்ளாட்டம் என்று எண்ணிய அரசியார் சிரித்தார். பிறகுதான் அவருக்குக் கண் மங்கிவிட்டதென்று தெரிந்தது. அதன் பிறகு அரசியார் சிரிக்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் அவர் ஏன் உணவைக் குறைக்கவில்லை என்று தாங்கள் வினவலாம். அதற்குக் காரணமும் ஒருவகையில் தாங்களே. தங்கள் முற்றுகையை முறியடித்த ஆண்டில், அரசியாரின் தந்தையார் வேளாருக்கு முதல் இலை உரிமையை வழங்கினார். நாட்டில் எவர் வீட்டில் விருந்து நடந்தாலும் முதல் இலை அவருக்கு. அவர் உண்டு முடிக்கும்வரை மற்றவர் இலை மடிக்கலாகாது. அவர் இலையில் மிச்சம் வைத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று நாளடைவில் மக்களே சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே காதுகுத்து, புதுமனை, திருமணம், புது ஓடம் நீரில் இறக்குதல் என்று வேளார் நாள்தோறும் உண்டுகொண்டே இருக்கிறார். தை மாதத்தில் முற்பகல் ஒன்று, பிற்பகல் ஒன்று என விருந்துகள் வரிசை கட்டுகின்றன. உப்பளத்து ஊர்களில் அவருக்காகவே அக்காரவடிசிலில் நெய்யைக் கூட்டி ஊற்றும் வழக்கமும் வந்துவிட்டது.

அரசியார் சும்மா இருந்தார் என்று எண்ண வேண்டாம். முதலில் ஆணையிட்டார். வேளார் பணிந்தார், அரண்மனையில் கீரை உண்டுவிட்டு, நேரே ஓடக்காரர் வீட்டுத் திருமணத்துக்குப் போய் அதிரசம் உண்டார். அடுத்து, மடைப்பள்ளியில் கொள்ளு மாவும் பாகற்காயும் பிசைந்து அதிரசம் போலவே ஒன்றைத் தட்டிப் போட்டார்கள். வேளார் அதை வாயில் இட்டு, கண்ணை மூடி, மிக நேர்த்தி என்று புகழ்ந்து, மீதியைப் பட்டத்து யானைக்குக் கொடுத்தார். யானை அதை வாங்கி, சற்று யோசித்து, பாகனிடம் திருப்பிக் கொடுத்தது.

பின்னர், நண்பர் தனியாகக் கஞ்சி குடிக்க நாணுகிறார் போலும் என்று கருதிய அரசியார், தாமும் அதே உணவை உண்ணத் தொடங்கினார். ஒரு திங்களில் அரசியாரின் வளையல்கள் கழன்றன, கோபம் கூடியது, அவையில் வழக்குகள் விரைவாகவும் கடுமையாகவும் தீர்க்கப்பட்டன. பசு திருடியவன் ஒருவன், தேவியார் உணவு கொண்ட பிறகு தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று மன்றத்தில் விண்ணப்பமே செய்தான். வேளாரின் எடை மட்டும் குறையவில்லை.

கடைசியாக முதல் இலை உரிமையையே நீக்கினார். அன்று மாலையே வேளார் முழுப் போர்க்கோலத்தில் வந்து தம் வாளை அரசியாரின் காலடியில் வைத்தார். தாம் செய்த பிழை என்னவென்று தெரியவில்லை என்றும், தெரியாவிட்டாலும் தண்டனையை ஏற்பதாகவும் சொன்னார். ஊரே வாயிலில் திரண்டு அழுதது. விளக்கு வைப்பதற்குள் அரசியார் ஆணையைத் திரும்பப் பெற்றார். அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட ஊரார் விருந்து வைத்தார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறீர் என்று அரசியார் அவரைத் தனியே கடிந்துகொண்டபோது வேளார் சொன்ன மறுமொழியை அப்படியே இங்கு எழுதச் சொல்கிறார்:

“ஒரு வீட்டில் இலை போட்டபின் எழுந்து வா என்கிறீர்கள். அவர்கள் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் திருமணம். நான் எழுந்து வந்தால் எனக்கு அரை நாழிகைப் பேச்சு. அந்தப் பெண்ணுக்கு ஆயுள் முழுக்கப் பேச்சு.”



இனிச் சொல்லப்போவது தாங்களும் அறிந்ததே. சென்ற மழைக்காலத்தில் தங்கள் யானைக் கன்று ஒன்று வழிதவறி ஆற்றின் நடுவிலுள்ள எருமைத்திட்டுக்கு வந்தது. அதைத் தேடித் தங்கள் வீரர்களும் வந்தார்கள். பகைவர் கால் எங்கள் மண்ணில் பட்டால் போர்முரசு கொட்ட வேண்டும், படாமல் கொட்டலாகாது. இது எங்கள் சட்டம். முரசு கொட்டப்பட்டது, படை புறப்பட்டது. வேளார் குடியில் ஒரு நோன்பு உண்டு. போர்முரசு முழங்கினால் வெற்றிமுரசு கேட்கும்வரை சேனாபதி கடைசி வரிசைக் காலாள் உண்பதையே உண்ண வேண்டும், அவனைப் போலவே நடக்க வேண்டும். பல்லக்கு இல்லை, நெய் இல்லை, முதல் இலை இல்லை. காலாளுக்கு எங்கள் படையில் கொள்ளுக் கஞ்சியும் வரகுச் சோறும் ஆற்றோரத்துக் கீரையும்தான். கன்று அகப்பட்டு, தங்கள் தூதர் வந்து, பிழை விளங்கிப் படைகள் திரும்பும்வரை வேளார் சேற்றில் நடந்தார், கஞ்சி குடித்தார், இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டு வாங்கியும் குடித்தார்.

திரும்பி வந்தவரைப் பார்த்து மருத்துவர் கண்டனார், தாம் வேறு யாரையோ சோதிக்கிறோமோ என்று ஐயுற்றார். பாத வீக்கம் வடிந்திருந்தது. காவற்கோபுரத்தின் படிகளைச் சுவரைத் தொடாமல் ஏறினார். அதன் பிறகு, பகைவர் தாமாகவே திரும்பிச் சென்றதும் ஒருவகை வெற்றியே என்று அமைச்சர்கள் கூடி முடிவு செய்து வெற்றிவிருந்து வைத்தார்கள். அவ்விருந்தின் இரண்டாம் பந்தியோடு எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அந்த அமைச்சர்களுக்கு இப்போது நாள்தோறும் பாகற்காய் பரிமாறப்படுகிறது.

போர்க்களத்தில் இனித்த கஞ்சி அரண்மனையில் ஏன் கசக்கிறது என்று அரசியார் கேட்டார். எதிர்க்கரையில் பகைவன் நின்றால் கஞ்சி இறங்கும் என்றும், எதிரே பாயசம் நின்றால் இறங்காது என்றும் வேளார் விளக்கினார். பிறகு பெருமூச்சுவிட்டு, இக்காலத்தில் நல்ல பகைவர் எங்கே கிடைக்கிறார்கள் என்றார்.

அந்தச் சொல்லே இவ்வோலைக்கு வித்து.

ஆகவே அரசியார் தங்களிடம் கேட்பது இது. இனிப் பலாப்பழம் வேண்டா, படை அனுப்புக. எருமைத்திட்டைத் தாங்கள் கைப்பற்ற வேண்டும். அது யாருடையது என்று இரு நாட்டு அறிஞர்களும் மூன்று தலைமுறையாக வாதிடுவதால், தங்கள் புலவர்களுக்குக் காரணம் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்காது. எருமைகளைத் துன்புறுத்த வேண்டாம். இரு கரையாரும் முறைவைத்துக் கறந்துகொள்ளலாம். அம்புகள் ஆற்றின் பாதிக்கு மேல் வராதபடி எய்க. பாசறையை அடிக்கடி மேற்கிலிருந்து கிழக்கும் கிழக்கிலிருந்து மேற்கும் மாற்றுக. எங்கள் கரையில் வேளாரும் நடந்தாக வேண்டுமல்லவா. தங்கள் சமையற்காரர்கள் காற்று எங்கள் பக்கம் வீசும்போது வெல்லம் காய்ச்சாதிருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் சரணடைந்துவிட வேண்டாம். சரணடைந்தால் வெற்றிவிருந்து உண்டு, வெற்றிவிருந்தில் முதல் இலை உண்டு. வென்றும்விட வேண்டாம், வென்றால் அவர் மனம் உடைந்துபோகும். வெல்லாமலும் தோற்காமலும் ஒரு போரை மாதக்கணக்கில் இழுப்பது எப்படி என்பதைத் தங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தங்கள் முற்றுகையை நேரில் கண்டவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

போர் எதுவரை என்றால், புண் ஆறும்வரை. அத்தனை நாள் கஞ்சியே உண்ட நாவு அதற்குள் பழகிவிடும் என்று மருத்துவர் நம்புகிறார். விருந்து வைக்கும் வீடுகளும் அதற்குள் மனம் மாறவேண்டும் என்பதற்காக, இனி முதல் இலையில் மோரும் கீரையும் வைப்பதே மங்கலம் என்று எங்கள் கோயில் கணியரைக் கொண்டு சொல்லவைக்க அரசியார் ஏற்பாடு செய்துவருகிறார். கணியர் இன்னும் இசையவில்லை. அவருக்கும் அக்காரவடிசில் பிடிக்கும்.

இது வேளாருக்குத் தெரியலாகாது. தெரிந்தால் அவர் சிரிப்பார், சிரித்துவிட்டு விருந்துக்குப் போய்விடுவார்.

அரசியாரின் திருமுன் எழுதப்பட்டு, இரட்டை ஓட முத்திரை பதிக்கப்பட்டது. இதைக் கொண்டுசெல்பவள் தயிர்க்காரி உமையாள். தும்பையாற்றுத் துறைக்காவலர் எவரும் அவள் பானையைச் சோதிக்காமல் ஆற்றைக் கடக்கவிடுக. கல்லக நாட்டு அவையில் இதைப் படிப்பவர் உரக்கப் படிக்காமல் மன்னரின் செவியருகே படிக்க. படித்ததை நெருப்புக்குக் கொடுத்து, நினைத்ததைச் செயலுக்குக் கொடுக்க. வெண்கரையின் அலை போல் தங்கள் புகழ் மீண்டும் மீண்டும் கரையேறுக.

இவ்விடத்தில் ஓலை முற்றிற்று. ஓலை எழுதியவர் எழுத்தாணியைக் கீழே வைக்கும் நேரத்தில் அரசியார் அதைக் கேட்டு வாங்கி, பழக்கமில்லாத கையால், ஓலை கிழியும் அளவுக்கு அழுத்திப் பின்வருவதைத் தாமே எழுதினார்.

வல்லரணரே, அவர் தங்களைப் பற்றி ஒருநாளும் தாழ்வாகப் பேசியதில்லை. மழை மட்டும் பெய்யாதிருந்தால் தாங்கள் கோட்டையைப் பிடித்திருப்பீர்கள் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். எனக்கு அவரைவிட்டால் வேறு நண்பர் இல்லை. எங்கள் மேல் படையெடுத்து வருவீர்களா?