இரண்டு பேருக்கான பெட்டி

ஊஸ்டர், ஒஹாயோ
21 மார்ச் 1994

அன்புள்ள கிளைட்டுக்கு,

இந்தக் கடிதத்தில் எழுதப்போவது:

1. என் உடம்பு.
2. மாற்றிய பயணத் திட்டம்.
3. உணவுப் பெட்டிகள்.
4. நீ ஏன் எனக்காகக் காத்திருக்கக் கூடாது.

பாடம் தொடங்குமுன் கரும்பலகையில் இப்படி எழுதியே பழகிவிட்டேன். பொறுத்துக்கொள்.

முதலாவது. போன வாரம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காய்ச்சல். பயிற்சிக்காகப் பள்ளி மைதானத்துப் படிகளில் முதுகுச்சுமையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன் அல்லவா, அன்று பனியும் மழையும் கலந்து கொட்டியது. பாதியில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அட்டவணையில் அந்த நாளுக்கு இத்தனை முறை என்று போட்டிருந்தேன். நிமோனியா என்கிறார் டாக்டர். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை நாம் நடக்கவிருந்த மலைப்பாதை விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஏப்ரல்ல மலையா? ஏப்ரல்ல கட்டில்லேர்ந்து எறங்கி நாற்காலி வரைக்கும் போங்க, கொடி நட்டு வைக்கிறேன்" என்றார். பக்கத்து வீட்டு இமோஜீன் அம்மாள் அங்கேயே சிரித்துவிட்டாள். அவள்தான் என்னைக் காரில் கூட்டிப் போனவள், சிரிக்க உரிமை உண்டு.

இரண்டாவது. நீ திட்டப்படி ஏப்ரல் முதல் வாரம் ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே நட. நான் மே மாதம் வட கரோலினாவில், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் உன்னோடு சேர்ந்துகொள்கிறேன். அங்கே பாதை ஊர்த் தெருவின் நடுவிலேயே போகிறது. தவறவிட மாட்டோம்.

மூன்றாவது. குளிர்காலம் முழுக்கக் கட்டிய பெட்டிகள் சாப்பாட்டு அறைச் சுவரோரம் அடுக்கி இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கு. 'நடைப்பயணி வரும்வரை வைத்திருக்கவும்' என்று வெளியே எழுதி, அந்தந்த ஊர்த் தபால் நிலையத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவைப்பேன். நான் சீக்கிரமே சேர்ந்துவிடப் போவதால் அவற்றைப் பிரிக்கவில்லை. உள்ளே என் பைகளுக்கு ஒரு முடிச்சு, உன் பைகளுக்கு இரண்டு முடிச்சு. கண்ணால் தேட வேண்டாம், விரலால் தடவினால் போதும். நான் வரும்வரை என் பங்கையும் நீயே சாப்பிடு.

நாலாவது. நீ கோபப்படப்போவது இதற்குத்தான். உன் கண்ணின் நடுவில் உள்ள மங்கல் அடுத்த வருடத்துக்குள் நன்றாகப் பரவிவிடும் என்று ஈரியில் உன் டாக்டர் சொன்னதாக நீயே எழுதினாய். மலை காத்திருக்கும். நான் காத்திருப்பேன். உன் கண் காத்திருக்காது. ஆகவே நீ இந்த வருடம் போயே ஆக வேண்டும். என் யோசனைகளை நானே நம்புகிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். ஆனால் இதை ஒரு தேற்றம்போல வரி வரியாகச் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஓட்டை எதுவும் இல்லை.

அன்புடன்,
நார்பர்ட்

•

ஈரி, பென்சில்வேனியா
26 மார்ச் 1994

டேய் நார்பர்ட்,

கல்லூரி விடுதியில் நீ கீழ்க்கட்டில், நான் மேல்கட்டில். அன்றிலிருந்து உன்னோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை. கோபத்தில் மூன்று நாள் பதில் போடவில்லை. இப்போது போடுகிறேன்.

என் திட்டம் வேறு. இந்த வருடம் இருவரும் வீட்டில் இருப்போம். அடுத்த வருடம் போவோம். நீ முன்னால் நட, நான் உன் முதுகுப் பையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். என்ன தெரிகிறது என்று நீ சொல்லிக்கொண்டே வா. இதைத் தங்கையிடம் சொன்னேன். "அந்த மனுஷன் ஒரு மரத்தப் பத்திச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். நீங்க மெய்ன் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் தொண்ணூறு வயசாயிடும்" என்றாள்.

சரி, போகிறேன். உனக்காகத்தான் போகிறேன். ஹாட் ஸ்பிரிங்ஸில் நீ இல்லையென்றால் உன் பங்குச் சாக்லேட்டை உன் பெயரைத் திட்டிக்கொண்டே தின்பேன்.

உன்
கிளைட்

•

ஹாட் ஸ்பிரிங்ஸ், வட கரோலினா
9 மே 1994

அன்புள்ள நார்பர்ட்,

திட்டிக்கொண்டே தின்றேன்.

நீ வரவில்லை என்ற உன் சீட்டு பெட்டியின் மேலேயே இருந்தது. நல்ல பெரிய எழுத்தாக, வரிக்கு நாலு சொல்லாக எழுதியிருந்தாய். நன்றி. ஓரக்கண்ணால் படித்தேன். வழியில் இன்னும் வடக்கே வரும் டமாஸ்கஸ் என்ற ஊரில் சேர்ந்துகொள்வதாக எழுதியிருக்கிறாய், பார்க்கலாம். போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் இமோஜீன் அம்மாள்தான் எடுக்கிறாள். நீ தூங்குகிறாய் என்கிறாள். பகல் பதினோரு மணிக்கு உனக்கென்னடா தூக்கம்?

மழை, மழை, மழை. நடுவில் ஒருநாள் வெயில். மலைச்சரிவெல்லாம் வெள்ளைப் பூ. பூ என்று தெரிந்தது, என்ன பூ என்று தெரியவில்லை. நீ இருந்தால் அதன் பெயரையும் தாத்தா பாட்டன் பெயரையும் சொல்லியிருப்பாய்.

எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பாதையில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தனக்குத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது, கூட நடப்பவர்கள்தான் வைக்க வேண்டும். டென்னஸியிலிருந்து லொரெட்டா என்று ஒரு நர்ஸ் நடக்கிறாள், அவள் பெயர் 'ஈரச் சாக்ஸ்'. தபால் நிலைய வாசலில் உட்கார்ந்து நான் பெட்டியைப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன பெரியவரே, எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு? கரண்டிகூட ரெண்டு!"

"என் கூட்டாளிக்கு."

"எங்க அவரு?"

"வந்துட்டே இருக்காரு."

"கழிப்பறைக்குப் போனவர் மாதிரில்ல சொல்றீங்க! எந்த ஊர்லேர்ந்து?"

"ஒஹாயோலேர்ந்து."

அவ்வளவுதான். வாசலில் இருந்த அத்தனை பேரும் சிரித்து, அன்றிலிருந்து நான் 'ரெண்டு பேர்'. எதிரில் வருகிறவர்கள் "ரெண்டு பேர், நல்லாயிருக்கீங்களா?" என்று பன்மையில் விசாரிக்கிறார்கள். நானும் உன் சார்பில் நலம் என்று சொல்லி வைக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். உன் பைக் கஞ்சியில் உலர்திராட்சையும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இதைத் தின்றா இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறாய்?

கிளைட்

•

ஊஸ்டர், ஒஹாயோ
17 மே 1994

அன்புள்ள கிளைட்,

உன் கடிதம் கிடைத்தது. இமோஜீன் அம்மாள் சத்தம் போட்டுப் படித்தாள். கஞ்சி பற்றிய பகுதியை இரண்டு தடவை படித்தாள்.

டமாஸ்கஸில் சேர முடியாது போலிருக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் மூச்சு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. மேலும் சில வாரம் ஓய்வு என்கிறார் டாக்டர். திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: ஜூலைக் கடைசியில் டெலவேர் வாட்டர் கேப். அங்கே ஒரு தேவாலயத்தில் நடைப்பயணிகளைத் தங்க விடுவார்களாம். அதுவரை பெட்டிகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். இமோஜீன் அம்மாள்தான் தூக்கிப் போகிறாள். "உள்ள என்ன, செங்கல்லா? இந்த மனுஷன் நடக்கறாரா, வீடு கட்டறாரா?" என்று தினமும் ஒரு பாட்டு.

நீ பார்ப்பதையெல்லாம் எழுது. தெளிவாகத் தெரியாததையும் எழுது. அந்தப் பூவுக்கு எத்தனை இதழ்?

நார்பர்ட்

•

டெலவேர் வாட்டர் கேப், பென்சில்வேனியா
29 ஜூலை 1994

அன்புள்ள நார்பர்ட்,

தேவாலயத்தில் இரண்டு கட்டில் பிடித்து வைத்தேன். ஒன்றில் என் பையை வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஈரச் சாக்ஸ் வந்து, "ரெண்டு பேரே, அந்தக் கட்டில் வேணும்னு ஒருத்தர் வெளியில ஈரத்தோட நிக்கறாரு" என்றாள். பையை எடுத்துவிட்டேன்.

பென்சில்வேனியா முழுக்கக் கல். என் சொந்த மாநிலம் என்னை இப்படி நடத்தும் என்று நினைக்கவில்லை. கண் இப்போது ஜார்ஜியாவில் இருந்த மாதிரி இல்லை. வழிகாட்ட மரத்தில் வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதை நேராகப் பார்த்தால் காணாமல் போகிறது. சற்றுத் தள்ளிப் பார்த்தால் வருகிறது. கப்பலில் சுக்கான் பிடித்த காலத்திலும் இதே வித்தைதான். இரவில் தூரத்து விளக்கு மங்கலாக இருந்தால் அதையே முறைக்கக் கூடாது, பக்கத்து இருட்டைப் பார்க்க வேண்டும். விளக்கு தானாகக் கண்ணில் விழும்.

உன் கடிதங்களையும் இப்போது அப்படித்தான் படிக்கிறேன். நேராகப் பார்த்தால் நீ நலமாக இருக்கிறாய்.

ஒரு விஷயம். நேற்று ஒரு பாறை முனையில் ஏறினேன். ஆறு மலையைப் பிளந்துகொண்டு போகிறது. ஓரத்தில் கொஞ்சம், நடுவில் மூட்டம், மறுபடி ஓரத்தில் கொஞ்சம். இருந்தாலும் அழகு. பக்கத்தில் திரும்பி "பார்த்தியாடா" என்றேன். ஒரு நாய் மட்டும் உட்கார்ந்திருந்தது. யாருடைய நாயோ. அதற்கும் கொஞ்சம் இறைச்சி கொடுத்தேன், உன் பங்கிலிருந்து.

எப்போது வருகிறாய்?

கிளைட்

•

ஊஸ்டர், ஒஹாயோ
30 ஆகஸ்ட் 1994

அன்புள்ள கிளைட்,

இது ஹனோவர் பெட்டியோடு வருகிறது. இங்கே எல்லாம் நலம். தக்காளி இந்த வருடம் நன்றாகக் காய்த்தது, பாதியை அணில் தின்றது. இமோஜீன் அம்மாள் அணிலோடு பேச்சுவார்த்தை நடத்துகிறாள். நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் காற்று கடுமையாக இருக்கும், கம்பளித் தொப்பி வைத்திருக்கிறேன். மரங்கள் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். பார்த்து எழுது.

நான் சேரும் இடத்தைப் பிறகு எழுதுகிறேன்.

நார்பர்ட்

•

ஹனோவர், நியூ ஹாம்ப்ஷயர்
12 செப்டம்பர் 1994

நார்பர்ட்,

தபால் நிலையத்தில் பெட்டியைக் கையில் வாங்கியதுமே தெரிந்தது. எடை இல்லை. வாங்கிய கை மேலே போய்விட்டது.

படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தேன். ஒவ்வொரு பையாகத் தடவினேன். இரண்டு முடிச்சு. இரண்டு முடிச்சு. இரண்டு முடிச்சு. அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவினேன். தொப்பி ஒன்று. கரண்டி ஒன்று.

ஈரச் சாக்ஸ் பக்கத்தில்தான் இருந்தாள். "என்ன தொலைச்சீங்க?" என்றாள். அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா, "உங்க கூட்டாளிக்கு என்ன ஒடம்பு?" என்றாள். "நிமோனியா" என்றேன். "எப்போ?" "மார்ச்ல." அவள் சாக்ஸைப் பிழிந்துகொண்டே தெருவைப் பார்த்தாள். அப்புறம் "போன்ல பேசறாரா?" என்றாள். இல்லை என்றேன். "மூச்சு வாங்கறது ஒங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு பாக்கறாரு" என்றாள்.

தக்காளி, அணில். அட அற்பனே. திட்டத்தை மாற்றாமல் ஒரு கடிதம் நீ எனக்கு எழுதியதே இல்லை. இதில் மாற்றவில்லை, ஏனென்றால் மாற்ற எதுவும் மிச்சமில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் பெட்டியை விட்டுச் சொல்லச் சொன்னாயா?

இப்போது நேராகக் கேட்கிறேன். நீயும் நேராகப் பதில் சொல். முன்னால், பாதை முடியும் இடத்தில், கட்டாடின் மலை இருக்கிறது. பனி விழுந்தால் மூடிவிடுவார்கள், அதற்குள் போய்ச்சேர வேண்டும். நீ 'போ' என்றால் போகிறேன். 'வா' என்றால் அன்றைக்கே பேருந்து ஏறுகிறேன். உன் பதில் வரும்வரை இந்த ஊரைவிட்டு நகர மாட்டேன். தினமும் காலையில் தபால் நிலையத்தில் நிற்பேன்.

உன் நாலு பாயின்ட் வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

கிளைட்

•

ஊஸ்டர், ஒஹாயோ
16 செப்டம்பர் 1994

அன்புள்ள கிளைட்,

உன் கடிதத்தை இமோஜீன் அம்மாள் படித்துக் காட்டினாள். படித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்றாள். நானே எழுதுகிறேன் என்றேன். "தக்காளியப் பத்தி ஒரு வரி வந்துச்சு, கிழிச்சுப் போட்டுடுவேன்" என்றாள். சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே உண்மையை எழுத வேண்டியிருக்கிறது.

நிமோனியா மே மாதமே போய்விட்டது. ஆனால் நுரையீரல் தேறவில்லை. அது வடுவாக இறுகிக்கொண்டே போகிறதாம். வெகு நாளாகவே அப்படி இருந்திருக்க வேண்டும், காய்ச்சல் வந்ததால்தான் கண்டுபிடித்தார்கள். ஜூலையில் சொன்னார்கள். மூக்கில் ஒரு குழாய், பக்கத்தில் பிராணவாயு உருளை. சாப்பாட்டு அறையிலிருந்து வாசல் வரை போக நடுவில் ஒருமுறை உட்கார வேண்டும். அங்கே நாற்காலி போட்டிருக்கிறோம். டாக்டர் இப்போது வேடிக்கை பேசுவதில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு பேருக்கான பெட்டிகளையே அனுப்பினேன். ஹனோவர் பெட்டியைத் தூக்கும்போது இமோஜீன் அம்மாளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இனி வராத ஒருவனுடைய கஞ்சியை அவள் ஏன் சுமக்க வேண்டும் என்று தோன்றியது. பெட்டியைத் திறந்து ஒரு முடிச்சுப் பைகளை எடுத்தேன். அதற்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. நீ கேட்டது சரிதான். என்னால் எழுத முடியாததைப் பெட்டி சொல்லட்டும் என்று விட்டேன். உன் விரல் பெட்டியின் அடிவரை போகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இப்போது உன் கேள்வி. ஒரு வார்த்தை கேட்டாய். அந்த வார்த்தையை எழுத மூன்று தாள் வீணாகிவிட்டது.

நீ போக வேண்டும் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஜார்ஜியாவிலிருந்து நடந்து வந்திருக்கிறாய். மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். மெய்னில் உள்ள மான்சன் ஊருக்கான கடைசிப் பெட்டி கட்டி வைத்திருக்கிறது. கட்டாடின் உச்சியில் நின்று நீ பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் உன்னை விரட்டி விரட்டி அனுப்பினேன். இவற்றையெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன். மறுபக்கம் எழுத ஒன்றுதான் இருந்தது. அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்தாறு வயதில் ஒருவனை நடுவழியில் நிறுத்திக் கூப்பிட எனக்கு என்ன தகுதி?

அப்போது மார்ச் மாதக் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்றில் குறை சொல்ல அதிகம் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை, திட்டம் மாறியது, பெட்டிகள் வந்தன. நாலாவதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பள்ளியில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். நிரூபிக்காமலே ஒன்றை உண்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கண்ணில் இன்னும் ஓரம் மிச்சம் இருக்கிறது. பாறை முனையில் திரும்பிப் பார்த்து என்னிடம் பேசினாய். நீ கேட்டபடி அடுத்த வருடம் என் பையைப் பிடித்துக்கொண்டு நீ நடந்திருந்தால், உனக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அந்தப் பூவின் பெயரை நான் சொல்லியிருப்பேன்.

மலை காத்திருக்கும், நான் காத்திருப்பேன், உன் கண் காத்திருக்காது என்று எழுதினேன். நாலாவது தவறு, கிளைட். உன் கண் காத்திருக்கும். நான்தான் காத்திருக்க முடியாதவன்.

நார்பர்ட்