எஸ்தர் வைத்திருந்த ஷெல்

என் எஸ்தருக்கு,

வீட்டில் எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். கம்ப்யூட்டரில் ஒன்றை மாற்றிவிட்டேன்.

பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. புதிது வாங்கி மாட்டி, கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸை மறுபடியும் போட்டேன். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு எனக்குக் கை ஓடிய ஒரே வேலை அதுதான். உன் பெயரில் கணக்கு திறந்தபோது அது தானாகவே பாஷ் ஷெல்லைப் போட்டுக்கொண்டது.

இதை வேறு யாராவது படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன்: கறுப்புத் திரையில் நாம் அடிக்கிற கட்டளையை வாங்கி வேலையை முடித்துத் தருகிற புரோகிராம்தான் ஷெல். அதில் பல வகை உண்டு. எனக்கு பாஷ், உனக்கு டிசி ஷெல். கல்யாணமான புதிதிலிருந்தே நமக்குள் இந்தச் சண்டை.

"எல்லாரும் பாஷுக்குப் போயாச்சு. நீ மட்டும் ஏன்டி இந்தப் பழசைக் கட்டிக்கிட்டு அழற?"

"உன் பாஷுக்கு உன்னை மாதிரியே திமிரு. ஒரு எழுத்து தப்பினா, அப்படி ஒண்ணும் கிடையாதுன்னு மூஞ்சில அடிக்கும். என்னோடது, 'இதுவா'ன்னு ஒரு வார்த்தை கேக்கும். எங்கப்பாவுக்கு அதுதான் சரி."

மாமா சனிக்கிழமைகளில் பீர்க்கன்கரணையிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வருவார், ஞாயிறு ஆராதனைக்கு கொயர் குழு பாடுகிற பாட்டுகளை பிரின்ட் எடுக்க. அவருக்காக நீ ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தாய். ஆங்கில எழுத்தில் 'பாட்டு' என்று அடித்து, பாட்டின் எண்ணைப் போட்டால் போதும். அவர் எப்போதும் ஓர் எழுத்தை விட்டுவிடுவார். உன் ஷெல் 'இதுவா?' என்று கேட்கும். ஆமாம் என்பதற்கு 'ஒய்' எழுத்தைத் தட்டுவார். பிரின்டர் ஓடும்.

பழையபடி டிசி ஷெல்லையே போட்டிருக்கலாம். ஒரு வரி வேலை. நான் போடவில்லை. உன் கட்டளையை பாஷுக்கு ஏற்ற மாதிரி திருத்தி எழுதினேன். அதை முடித்தபோது, கடைசியில் நான்தான் ஜெயித்தேன் என்று ஒரு நினைப்பு வந்தது. நீ இல்லாத வீட்டில் உட்கார்ந்து உன்னை ஜெயித்திருக்கிறேன் எஸ்தர். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாமா வந்தார். அடித்தார். மறுபடி அடித்தார்.

"மாப்ளே, இது கேக்கவே மாட்டேங்குது."

"எது மாமா?"

"தப்பா அடிச்சா 'இதுவா'ன்னு கேக்கும்ல. இப்போ ஒரேயடியா கிடையாதுங்குது." விரல்களைப் பார்த்துக்கொண்டார். "எனக்குத்தான் மறந்துபோச்சு போல. பாவம், எவ்ளோ பொறுமையா சொல்லிக்குடுத்தா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழகிடும் மாமா" என்றேன். நானே பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். காகிதங்களை மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. போன் செய்தேன்.

"வேணாம் மாப்ளே. கார்பன் வெச்சு கையாலயே எழுதிட்டேன். எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம்?"

அவர் இந்த வீட்டுக்கு வர ஒரே ஒரு காரணம் மிச்சம் இருந்தது. அதையும் நான் எடுத்துவிட்டேன். அவரோ, மகள் சொல்லிக்கொடுத்ததைத் தொலைத்துவிட்டதாகத் தன்னையே நொந்துகொண்டிருக்கிறார்.

இன்று பழைய டிஸ்க்கை மாட்டி, உன் செட்டிங்குகளை எடுத்து, டிசி ஷெல்லைத் திரும்பப் போட்டேன். வேண்டுமென்றே ஓர் எழுத்தை விட்டு அடித்துப் பார்த்தேன். கேட்டது. கொஞ்ச நேரம் ஒய் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

சத்தமில்லாமல் சரிசெய்தது போதாது என்று தெரிகிறது. நாளை சர்ச் முடிந்ததும் பீர்க்கன்கரணைக்குப் போகிறேன். "உங்களுக்கு எதுவும் மறக்கல மாமா, நான்தான் அவ வெச்சிருந்ததை மாத்திட்டேன்" என்று சொல்லிவிடுவேன். ஏன் மாத்தினீங்க என்று கேட்பார். அதற்கும் உண்மையைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகும் சனிக்கிழமை வருவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

இன்னமும் உன் அப்பாவின் மருமகனாக இருக்க விரும்புகிற,
உன் வீட்டுக்காரன்
சாமுவேல்