புளி போட்டுத் தேய்த்தாலும் போகாத பேர்

சண்டைக்கும் முதல் ஆளா, சமாதானத்துக்கும் முதல் ஆளா வந்து நின்ன என் மாமிக்கு,

ஜெயிச்சாச்சு மாமி! எடுத்த எடுப்புல இதைச் சொல்லலைன்னா, "ஏளா, இழுக்காம விசயத்துக்கு வா"ன்னு அங்க இருந்தே அதட்டுவீங்க. நேத்து கல்லறைத் திருநாள். தருவைகுளம் கல்லறைத் தோட்டத்துல உங்க பேரும் மாமா பேரும் ஒரே கல்லுல நிக்குது. நாலு கல்லறை தள்ளி நின்னே வாசிக்கலாம்.

போறதுக்கு முன்னால என் கையைப் பிடிச்சு ரெண்டு காரியம் கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? "மாமாவுக்குப் போட்ட மாதிரி எனக்கும் வெள்ளைக்கல்லு போடணும். ஆனா அவுக பேரு அழிஞ்ச மாதிரி என் பேரு அழிஞ்சிரக் கூடாது." சரின்னு தலையாட்டினேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராதுன்னு காலேஜ்ல கல்லைப் பத்திப் படிச்ச எனக்குத் தெரியும். அந்த நேரத்துல பாடமா நடத்த முடியும்?

மாமா பேரை உப்புக்காத்து தின்னுட்டுன்னுதான் நீங்க நம்பினீங்க. வருசா வருசம் திருநாளுக்கு முன்னால புளியும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கிட்டுப் போய் அந்த மார்பிளைத் தேய்ப்பீங்க. அது போதாதுன்னு கக்கூஸ் கழுவுற ஆசிட் வேற. கல்லு வெள்ளை வெளேர்னு ஆச்சு. பேரைத்தான் காணோம்.

உங்க மூத்த மகன் சேவியர் அத்தான் கப்பல்ல இருந்து லீவுல வந்து இறங்கினதுமே, "அம்மாவுக்கு வெள்ளை மார்பிளுக்குச் சொல்லியாச்சு"ன்னார். துறைமுக ரோட்டுல நான் வேலை பார்க்கிற கல் யார்டுல கறுப்பும் வெள்ளையுமா வரி ஓடுற ஒரு கல்லுப் பலகை பார்த்து வச்சிருக்கேன்னு சொன்னேன். அவ்வளவுதான், சாமி வந்த மாதிரி ஆடிட்டார். "ரோட்டுக்குச் சல்லி உடைக்கிற கல்லையா எங்கம்மா தலைமாட்டுல வைக்கச் சொல்லுத? ஊருல நாலு பேரு காறித் துப்பமாட்டான்?"

உங்க சின்ன மகன், அதான் என் வீட்டுக்காரர், தைச்சுக்கிட்டிருந்த மீன் வலையில இருந்து தலையைத் தூக்கலை. அவர் வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்குறது கல்லுல நார் உரிக்கிற வேலைன்னு பெத்த உங்களுக்குத் தெரியாதா?

நானே பேசினேன். "அத்தான், ரெண்டுமே உருமாறின பாறைதான். முட்டை வெள்ளையையும் சீனியையும் முந்திரியையும் அடிச்சு மக்ரூன் சுடுறாங்கல்லா? உருகி ஓடலை. ஆனா அடுப்புக்குள்ள போனது ஒண்ணு, வெளிய வந்தது ஒண்ணு. பூமிக்குள்ள ஆழத்துல சூடும் அழுத்தமும் சேர்ந்து கல்லை அப்படித்தான் மாத்துது. களிமண் இறுகி, மாறி, சிலேட்டு ஆகும். நாம ஒண்ணாப்புல எழுதினோமே, அதேதான். இன்னும் சூடு ஏறினா மினுமினுன்னு ஏடு ஏடாப் பிரியும். அதுக்கும் மேல போனா கறுப்பும் வெள்ளையுமா வரி ஓடும். கிரானைட்டே அழுந்தினாலும் இப்படி வரி விழும். அதுக்குப் படிப்புல நைஸ்னு பேரு, யார்டுல எல்லாத்தையும் கிரானைட்னுதான் சொல்லுவாங்க. படிக்கு, தூணுக்கு, கல்லறைக்கு அதை அடிச்சுக்க முடியாது. மார்பிள் வேற வகை, அதுல ஏடு கிடையாது. சிப்பியும் பவளமும் சேர்ந்து உண்டான சுண்ணாம்புக்கல் வெந்து மாறினது. சொரூபம் செதுக்க அதைப் போல வராது. புளிப்புக்கு மட்டும் ஆகாது."

"பாடம் நடத்தாத ரோஸ்லின்"னார்.

சரின்னு உங்க ஆசிட் பாட்டிலையே எடுத்துட்டு வந்தேன். முற்றத்துல ஒரு மார்பிள் துண்டு, ஒரு நைஸ் துண்டு. ஊத்தினதும் மார்பிள் சோடா உடைச்ச மாதிரி நுரைச்சுப் பொங்கிச்சு. மத்தது கம்முன்னு கிடந்தது. அத்தான் அசையலை. "ஆசிட்டு எதைத்தான் விடும்? எலுமிச்சம்பழம் என்ன செஞ்சிரும்?"

அப்பத்தான் மாமி எனக்கு உங்க மோதிரம் ஞாபகம் வந்தது. "அத்தான், மாமி ஊறுகாய் போடும்போது முத்து மோதிரத்தை எங்கன கழத்தி வைப்பாக?"

"மாதா படத்துக்கு முன்னால."

"எதுக்கு?"

"எலுமிச்சை பட்டா முத்து மங்கிரும்லா."

"முத்தும் மார்பிளும் ஒரே சரக்கு அத்தான். ரெண்டும் சுண்ணாம்புதான்."

மனுசன் அப்படியே நடையில உட்கார்ந்துட்டார். "அப்போ அப்பா பேரை..."

கோவிச்சுக்காதீங்க மாமி. காத்து இல்லை, நீங்கதான். இப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்குமோ? மாமா சொல்லிச் சிரிச்சிருப்பாரோ? பேரு அழியுற அளவுக்கு ஒரு பொம்பளை தன் புருசன் கல்லைத் தேய்ச்சிருக்கான்னா, அந்த ஆசைக்கு என்ன பேரு வைக்கிறது?

மறுநாள் அத்தானே யார்டுக்கு வந்தார். ஓரம் உடைஞ்சதால ஏற்றுமதிக்கு ஆகாதுன்னு ஒதுக்கின பலகை அது. கறுப்பு வரிகளுக்கு நடுவுல ரெண்டு சாண் அகலத்துக்கு ஒரு வெள்ளை வரி, பால் ஊத்தின மாதிரி. அதைத் தடவிப் பார்த்துட்டுச் சொன்னார்: "அம்மா கேட்ட வெள்ளை இங்கன இருக்கு." அந்த வெள்ளையில மிக்கேல், செசிலின்னு விரல் நுழையுற ஆழத்துக்கு வெட்டச் சொன்னோம். நீங்க கேட்ட ரெண்டும் கிடைச்சுட்டு மாமி!

நேத்து என்ன கூத்து தெரியுமா? வேம்பார்ல இருந்து உங்க தங்கச்சி லூர்து சின்ன மாமி, கையில புளி உருண்டையும் ஆசிட் பாட்டிலுமா வந்து இறங்குதாக! அத்தான் பதறிப் போய்த் தடுக்கப் போனார். நான் விடலை. "தேய்ங்க சின்ன மாமி, ஆசை தீரத் தேய்ங்க!" மூச்சு வாங்குற வரைக்கும் தேய்ச்சாக. ஒரு எழுத்து அசையலை. அத்தான் எழுந்து நின்னு கப்பல் மைக்குல சொல்லுத மாதிரி உங்க ரெண்டு பேர் பேரையும் வாசிச்சார். தோட்டமே திரும்பிப் பார்த்துச்சு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

மாமாவோட பழைய மார்பிளைத் தூக்கிப் போட விடலை, உங்க கால்மாட்டுல பதிச்சிருக்கேன். அதுல மாமா பேரு இல்லை, உங்க கை இருக்கு. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் அதுல வெறும் தண்ணியைத் தவிர ஒரு சொட்டு படாது. இது சத்தியம் மாமி.

இப்படிக்கு, வாக்கப்பட்டு வந்த புதுசுல மீன் பேரு தெரியாம முழிச்சாலும் உங்க பேரைக் காப்பாத்திட்ட உங்க கல்லு மருமக,
ரோஸ்லின்