அண்ணை போட்ட ரிக்கற்

ஓகஸ்ட் 6, புதன்

மகளுக்கு இருபத்திநாலாம் திகதி பாரிசில் கலியாணம். பிளேனில் பறந்து பறந்து சேர்த்த தன் எயார் மைல்ஸ் புள்ளிகளில் எனக்கும் இவருக்கும் ரிக்கற் போட்டுத் தருவதாக ஜேர்மனியில் இருக்கும் அண்ணை சொல்லியிருந்தார். அதை நம்பி நாங்கள் வேறு ரிக்கற் தேடவில்லை. இன்றுதான் அனுப்பினார். பயணம் இருபத்தெட்டாம் திகதி.

உடனே போன் எடுத்துக் கேட்டேன்.

"மைல்ஸுக்கு முந்தின நாளுகளிலை சீற் இல்லை, பிள்ளை. கலியாணத்தை வீடியோவிலை பாருங்கோ. பிறகு வந்து ஆறுதலாப் பாரிசைச் சுத்திப் பாக்கலாம்."

"அப்ப தாரை வார்க்கிறது ஆர்?"

"நானும் என்ரை மனிசியும் நிக்கிறம்."

"நாங்கள் உயிரோடை இருக்கிறம், அண்ணை."

"சும்மா கிடைக்கிற ரிக்கற்றுக்கு இவ்வளவு கதையோ?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதோடு போனை வைத்துவிட்டேன்.

கதிரையில் இருந்த இவர், "அண்ணையோடை கோவிக்காதையும்" என்றார். அவர் மீதும் பாய்ந்தேன்.

"விடியப் பஸ்ஸிலை யாழ்ப்பாணம் போய் வேறை ரிக்கற் போடப்போறன். நீங்கள் வராட்டி நான் தனியப் போவன்."

அவர் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். விசா குத்தியிருந்த பாஸ்போட் இரண்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அண்ணை பிறகு மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். நான் தூக்கவில்லை.