சாய்ந்த புலாய் மரத்தில் இனி ஆள் ஏற்ற வேண்டாம்

அனுப்புநர்:
வால்டர் த/பெ கேப்ரியல்,
மரம் வெட்டும் தொழிலாளி,
லூனாஸ், கெடா.

பெறுநர்:
அதிகாரி அவர்கள்,
மரப் பராமரிப்புப் பிரிவு,
நகராண்மைக் கழகம், கெடா.

பொருள்: புக்கிட் செலம்பாவ் பழைய தோட்ட வீடுகளின் பின்புறம் சாய்ந்து நிற்கும் புலாய் மரத்தை, ஆள் ஏற்றாமல் கிரேன் கொண்டு அகற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட மரம் சென்ற மாத அடைமழையில் வேர் பெயர்ந்து, மருதம்மாள் என்பவரின் வீட்டுக் கூரைப் பக்கம் சாய்ந்தது. பின்புறம் கால்வாயும் தோட்ட நிர்வாகத்தின் வேலியும் இருப்பதால் கிரேன் நுழைய வழியில்லை. எனவே ஏறிக் கழிப்பதற்குக் காளிதாசனையும் என்னையும் குத்தகையாளர் அனுப்பினார். காளிதாசன் ஏறுபவர், நான் கீழே கயிறு பிடிப்பவன். பல ஆண்டுகளாக இப்படித்தான் வேலை செய்து வருகிறோம்.

2. சாய்ந்த மரத்தை நம்பி உயிரைக் கட்டக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆகவே காளிதாசனின் உயிர்க்கயிற்றைப் பக்கத்தில் நேராக நின்ற மெர்பாவ் மரத்தின் கவட்டையில் போட்டு, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். புலாய் சரிந்தாலும் அவர் மெர்பாவில் தொங்குவார். கூரைப் பக்கக் கிளைகளை நுனியிலிருந்து சிறிது சிறிதாக அறுத்து, வேறொரு கயிற்றில் இறக்கினார். கூரைத் தகட்டில் கீறல்கூட விழவில்லை.

3. அப்போது நண்பகல். காற்றே இல்லை. வீட்டாரை முன்பே வெளியேற்றியிருந்ததால் எங்களைத் தவிர அங்கு யாரும் இல்லை. திடீரென்று, "அண்ணே, கயித்த இழுக்காதீங்க லா!" என்று காளிதாசன் மேலிருந்து கத்தினார். என் கையில் கயிறு தளர்வாகவே இருந்தது. "நான் இழுக்கல தம்பி" என்றேன். பிறகு அவர் யாருடனோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. "சரிண்ணே... சரிண்ணே" என்றார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

4. அதன்பின் அவர் உயிர்க்கயிற்றைத் தம் பெல்டிலிருந்து கழற்றிவிட்டு, புலாய் மரத்தோடு தம்மைக் கட்டிக்கொண்டார். தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. நானே மெர்பாவில் ஏறி, அவர் உயரத்துக்குப் போனேன். நேருக்கு நேர் என்னைக் கண்டதும் ஆடிப்போனார். என் முகத்தைப் பார்ப்பதும் தம் தோளுக்குப் பின்னால் பார்ப்பதுமாக இருந்தார். மறுமுனையை மெர்பாவில் கட்டிவிட்டு, அவர் கழற்றிவிட்ட கயிற்றை வீசினேன். பெல்டில் மாட்டிக்கொண்டு, புலாயோடு கட்டியிருந்த கயிற்றை அறுத்து, இப்பக்கம் தாவினார். அவர் காலெடுத்தவுடன் வேர் முறியும் சத்தம் கேட்டது. மரம் இன்னும் ஒரு முழம் இறங்கி நின்றது.

5. தரைக்கு வந்ததும், "நீங்கதானேண்ணே பக்கத்துல நின்னு கட்டிக்கச் சொன்னீங்க? தோள்ல கைகூட வச்சீங்களே" என்று கேட்டார். அவர் உடம்பில் காயம் ஏதுமில்லை. ஆனால் அன்று முதல் என் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாலும் வருவதில்லை. அவர் மனைவி யோகேஸ்வரி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, நான்தான் என்று உறுதி சொன்ன பிறகே கதவு திறக்கிறது. பேசும்போது காளிதாசன் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

6. நான் ஞாயிறுதோறும் தேவாலயம் செல்பவன். பேய்க்கதை பேசும் பழக்கம் எனக்கில்லை. மேலே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இந்நிலையில், மீதி மரத்தைக் கழிக்க இருளப்பன் என்பவரை ஏற்றப்போவதாகவும், கீழே நானே நிற்கவேண்டும் என்றும் குத்தகையாளர் கூறுகிறார். நான் மறுத்துவிட்டேன். இருளப்பனிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

7. ஆகவே ஏறும் வேலையை உடனே நிறுத்தி, தோட்ட நிர்வாகத்திடம் பேசி வேலியைத் திறக்கச் செய்து, கால்வாய்மேல் இரும்புத் தகடு போட்டுக் கிரேனைக் கொண்டுவருமாறு பணிந்து வேண்டுகிறேன். அதுவரை மருதம்மாள் குடும்பத்தார் அவ்வீட்டுக்குத் திரும்பாதிருக்கவும் ஆவன செய்யுங்கள்.

தாங்கள் பார்வையிட வரும்போது இடத்தைக் காட்ட நானும் வருகிறேன். சாலையோரத்தில், தங்கள் கண்முன்னேயே நிற்பேன். மரத்தின் பக்கமிருந்து என் குரல் தங்களை அழைத்தால், தயவுசெய்து போகவேண்டாம்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வால்டர் த/பெ கேப்ரியல்

இடம்: லூனாஸ்
நாள்: 18.11.2024