தொப்பியைக் கழற்றும் நாள்

இன்று மதியம் நம் பிஸ்கட் கம்பெனியில் ஓவனை அணைத்தார்கள். வருஷத்தில் அது முழுசாக ஆறுவது ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான், உனக்குத் தெரியாததா? வெனிலா வாடை அடங்கிச் சோப்புத் தண்ணீர் வாடை மேலே வந்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்டூல் மேல் ஏறி நின்று, வாயில் செல்லோடேப்பைக் கடித்தபடி, "இன்னும் கொஞ்சம் எறக்குடி, அந்தப் பக்கம் கோணலா கீது" என்று நீ அதட்டுகிற சத்தம் காதில் விழுந்தது மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஸ்டூல் மேல் நின்றவள் புதுப்பெண். பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பிஸ்கட் சுற்றும் காகிதச் சுருளில் மிஞ்சியதை வெட்டித் தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் என்னைப் பார்த்து, "யக்கா, நாளைக்கி இன்னா கலரு பொடவ?" என்றாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் அவள் காலைக் கிள்ளியதையும் பார்த்தேன்.

உனக்கு இன்னும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் தை மாசம் போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்தது. இன்றைக்கும் சாயந்திரம் தெருவில் பைக் சத்தம் கேட்டால் என் கை தன்னால் டீக்குத் தண்ணீர் வைக்கப் போகிறது. நேற்று நாத்தனார் போன் பண்ணினாள். "மொத வருசம் அண்ணி. பூஜைக்குப் போயி நிக்காதீங்க. லீவு போட்டுடுங்க. பாக்கறவங்க ஒரு மாதிரி பேசுவாங்க" என்றாள். பாவம், அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் அதிலிருந்து எனக்கு ஒரே பேஜாராகிவிட்டது. நாளைக்குப் போவதா, வேண்டாமா? இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

நீ வேலைக்குச் சேர்ந்த முதல் நாளை நினைத்துக்கொள்கிறேன். கேட்டில் செக்யூரிட்டி அக்கா நம்மை வரிசையில் நிறுத்தி, பூவை எடு, வளையலைக் கழற்று, பொட்டைப் பிய், நகத்தைக் காட்டு என்று ஒவ்வொருத்தியாக உள்ளே விடுவார். வாயில் போடும் பண்டம். ஒரு ஸ்டிக்கர் பொட்டு மாவில் விழுந்தால் லைனையே நிறுத்த வேண்டும். தாலியைக்கூடக் கழுத்துவரை பட்டன் போட்டு மூடிக்கொள்ள வேண்டும். நாங்கள் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினோம். உன்னிடம் கழற்ற ஒன்றும் இல்லை. புருஷன் மஞ்சள் காமாலையில் போய் வருஷம்கூடத் திரும்பவில்லை என்று யாரோ என் காதில் சொன்னார்கள்.

உள்ளே வந்து வெள்ளைக் கோட்டு, தொப்பி, மாஸ்க் எல்லாம் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாய். கண்ணாடியில் நாம் ஏழெட்டுப் பேர். எல்லாம் ஒரே அச்சு. அதில் நீ எது என்று நீயே தேடினாய், தேடிக் கண்டுபிடித்ததும் சிரித்தாய். அது என்ன சிரிப்பு என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. பிறகு ஒரு நாள் கேன்டீனில் சாம்பாரைப் பிசைந்தபடி நீயே சொன்னாய்: "இந்த கேட்டத் தாண்டிட்டா, யாரு புருசன் கீறவ, யாரு இல்லாதவன்னு கண்டுபுடி பாக்கலாம். எமனாலயே முடியாது." எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீயோ என் அப்பளத்தை எடுத்துத் தின்றாய்.

வீட்டில் உனக்குப் பொட்டு இல்லை, பூ இல்லை, பளிச்சென்ற புடவை இல்லை. ஆனால் அழகு என்றால் உனக்கு உயிர். அதை எங்கே கொண்டுபோய் ஒளித்தாய் பார்! கால் நகத்தில். ஷூவுக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? உடை மாற்றும் அறையில் நீ சாக்ஸைக் கழற்றினால் பத்து நகமும் செக்கச்செவேல் என்று இருக்கும். ஒரு வாரம் சிவப்பு, ஒரு வாரம் மெரூன், ஒரு தடவை மயில் நீலம்கூட. "ஊட்ல உன் மாமியா பாக்காதாடி?" என்று கேட்டேன். "ஊட்லயும் சாக்ஸுதான். பித்தவெடிப்புன்னு சொல்லி வெச்சிக்கீறேன்" என்றாய். அந்த அம்மா அதை நம்பி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தினமும் கிண்ணத்தில் கொடுத்தார்களாம். சிரித்துச் சிரித்து எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது.

ஆரம்பாக்கத்தில் உன் வீடு என்ன பெரிய வீடு? ஒரு ஹால், ஒரு அடுப்படி. ஆனால் உள்ளே நுழைந்தால் கண் நிலைகொள்ளாது. கம்பெனியில் கழித்துப் போட்ட காகிதச் சுருளைக் கேட்டு வாங்கி வந்து, உள்பக்கத்து வெள்ளி வெளியே தெரியும்படி கத்தரித்து, தையல் போட்டு ஜன்னலுக்குத் திரை தொங்கவிட்டிருந்தாய். காலையில் வெயில் பட்டால் சுவரெல்லாம் மினுமினுக்கும். எசன்ஸ் வந்த காலி கேனில் மணி பிளான்ட். பெயின்ட் கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த மூன்று டப்பாவைக் கலந்து ஒரு கலர் உண்டாக்கிச் சுவருக்கு அடித்தாய். அதற்கு இன்றுவரை ஒரு பெயர் கிடையாது. "இது இன்னாடி கலரு?" என்றால், "என் கலரு" என்பாய்.

உன் பிறந்த நாளுக்குக் கேக்கு செய்வாயே, அதைச் சொல்லாமல் விட முடியுமா? குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, விசில் போடாமல், கேஸ்கட்டைக் கழற்றிவிட்டு, அதற்குள் கிண்ணத்தை இறக்குவாய். ஒரு தடவை அடிப்பிடித்துவிட்டது. கருகினதைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைத்தாய். "நாள் பூரா ஆயிரம் கேக்கு பாக்கற, இன்னும் கேக்கா?" என்று கேட்டேன். "அது கம்பெனி கேக்கு. இது எனுக்கு. நம்மள நாமளே கொண்டாடிக்கினா யாரு கேக்கறது?" என்று நீயே வெட்டி, முதல் துண்டை நீயே தின்றாய். யாரும் பாடவில்லை, கை தட்டவில்லை. உன் முகத்தில் இருந்த நிறைவை நான் வேறு எந்தப் பிறந்த நாளிலும் பார்த்ததில்லை.

இப்போது பூஜைக்கு வருகிறேன். வருஷம் முழுக்க வெள்ளைக் கோட்டில் இருந்துவிட்டு அந்த ஒரு நாள்தான் நாம் பட்டுப்புடவையும் பூவுமாக லைனுக்குள் போவோம். எங்களுக்கு அது திருவிழா. நீ வந்த முதல் வருஷம், வெளுத்துப்போன ஒரு காட்டன் புடவையில் ஓரமாக நின்றாய். லைன் லீடர் சரோஜா அக்கா சந்தனம், குங்குமம், பூ எல்லாம் வைத்த தட்டோடு ஒவ்வொருத்தியிடமாக வந்தார். எனக்குக் கொடுத்தார். உன்னிடம் வந்தபோது தட்டு நிற்கவே இல்லை. அடுத்தவளிடம் போய்விட்டது. பிறகு இனிப்புப் பொட்டலம் மட்டும் உன் கைக்கு வந்தது. சரோஜா அக்கா கெட்டவர் இல்லை, உன் மேல் பாசமானவர்தான். கைக்கு அந்த வழக்கம் தெரியும், அவ்வளவுதான்.

நீ பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சிரித்தாய். ரயிலில் வரும்போதுதான் வாயைத் திறந்தாய். "வருசம் பூரா எவளுக்கும் தெரியல. ஒரு நாளு தொப்பியக் கழட்னா மட்டும் தெரிஞ்சிடுது பாத்தியா?" அவ்வளவுதான் சொன்னாய். அடுத்த வருஷத்திலிருந்து பூஜை அன்று நீ லீவு.

ஆனால் முந்தின நாள் அலங்காரம் மட்டும் உன்னுடையது. ஓவன் வாயிலிருந்து பேக்கிங் மேஜைவரை வெள்ளித் தோரணம், டிரேக்களை அடுக்கிக் கோபுரம், உடைசல் பிஸ்கட்டில் கோலம். எந்த செக்‌ஷன் அலங்காரம் நன்றாக இருக்கிறதோ அதற்குப் பரிசு. வருஷா வருஷம் நமக்குத்தான். நான் போய் வாங்கி வந்து உன் வீட்டில் கொடுப்பேன். எப்போதும் ஒரு ஹாட்பாக்ஸ். அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாய். ஒரு வருஷம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஹாட்பாக்ஸ் கடையா வெக்கப் போற? செஞ்சது நீ, போயி இளிச்சிக்கினு வாங்கறது நானா? இந்த வருசம் நீ வரலன்னா நானும் போவ மாட்டேன், பரிசு அங்கியே கெடக்கட்டும்" என்று கத்திவிட்டுப் போனேன்.

அந்த வருஷம் நீ வந்தாய். கத்தரிப்பூ நிறப் புடவை. பின்னிய சடை. பொட்டு இல்லை, பூ இல்லை. சாக்ஸும் இல்லை, சாதாரணச் செருப்பு. பத்து நகமும் பளபளவென்று ஊருக்கே தெரிந்தன. ஓவனுக்குப் பொட்டு வைத்துவிட்டு சரோஜா அக்கா தட்டோடு நம் பக்கம் திரும்பினார். உன் முன்னால் வந்ததும் தட்டு வழக்கம்போல் நகரப் பார்த்தது. நீ கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு துண்டுப் பூவை எடுத்துக்கொண்டாய். நீ அவரையே பார்த்து, "யக்கா, ஒரு ஹேர்பின் கீதா?" என்றாய்.

"இன்னாடி இது? ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்றார் அவர்.

"ஊரு இருக்கட்டும்கா. இங்க எனுக்கு நீங்கதான் லீடரு. வேணாம்னு சொல்லுங்க, தட்டுலயே வெச்சிட்றேன்."

சரோஜா அக்கா உன்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், திரும்பி ஓவனைப் பார்த்தார். அதன் நெற்றியில் இத்தனை பெரிய குங்குமப் பொட்டு, மேலே ஒரு மாலை. "அடுப்புக்கு வெச்சிட்டேன். டிராலிக்கு வெச்சிட்டேன். எட போட்ற மிஷினுக்குக்கூட வெச்சிட்டேன். உனுக்கு வெக்கறதுக்கு இன்னாடி வந்துச்சி? திரும்பு" என்றார். குரல் கோபமாகத்தான் இருந்தது. நான் என் தலையிலிருந்து ஒரு பின்னை உருவிக் கொடுத்தேன். அவர் கையாலேயே வைத்துவிட்டார். அன்றைக்குப் பரிசை நீயே போய் வாங்கினாய். அதுவும் ஹாட்பாக்ஸ்தான்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் படியில் ஏறும்போது நீ நின்றாய். பின்னைக் கழற்றிப் பூவை எடுத்து, டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடினாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "இன்னாத்துக்குடி எடுத்த?" என்றேன். "ஊட்ல சண்ட போட இன்னிக்கி தெம்பு இல்லடி. இங்க வரைக்கும் வந்துச்சில்ல, போதும்" என்றாய். மறுநாள் உன் எலுமிச்சைச் சாதம் மல்லிகைப் பூ வாசனை அடித்தது. ரெண்டு பேரும் அதையே பகிர்ந்து தின்றோம்.

அதற்கப்புறம் உனக்கு அதிக நாள் இல்லை. மார்பில் வந்த கட்டியை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாய். அந்தக் கோபம் எனக்கு உன் மேல் இன்னும் தீரவில்லை. அழகை ஒளிக்க இடம் தேடினாய், சரி. வலியையும் ஏன் ஒளித்தாய்? கடைசியில் ஆஸ்பத்திரியில் உன் மாமியார் உன் காலடியில் உட்கார்ந்திருந்தார். போர்வை விலகி நகம் தெரிந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெடிப்பு நல்லா ஆறிப்போச்சிம்மா" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டார். எத்தனை வருஷமாகத் தெரியுமோ அவருக்கு! நீ கண்ணை மூடியபடி சிரித்தாய். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது.

இன்றைக்கு வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு வந்தேன். படியோரம் பூக்காரம்மா. தை மாசத்துக்கு அப்புறம் நான் அவர் பக்கம் போனதே இல்லை. நின்றேன். "மல்லி குடும்மா" என்றேன். அவருக்கு என் விஷயம் தெரியும். முழம் போட்டபடியே, "சாமி படத்துக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்லம்மா, எனுக்குத்தான்" என்றேன். அவர் கை ஒரு நொடி நின்றது, பிறகு அளந்தது. இலையில் சுற்றப் போனார். "சுத்தாதீங்க, இங்கியே வெச்சிக்கிறேன்" என்றேன்.

ரயிலில் இரண்டு பேர் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். ஒன்று சொல்லட்டுமா, சிரிக்காதே. என் வீட்டுக்காரருக்கு மல்லிகைப் பூ ஆகாது. வாசனை பட்டாலே அடுக்கடுக்காகத் தும்முவார். அதனால் அவர் இருந்தவரைக்கும் நான் வீட்டில் மல்லியே வைத்ததில்லை. இப்போது அவர் இல்லை என்பதால் வைக்கக் கூடாதாம். எப்படி இருக்கிறது நியாயம்? தெருவில் நாத்தனார் வீட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். அவள் வாசலில் நின்றாள். என் தலையைப் பார்த்தாள். நான் நிற்காமல் நடந்தேன். நாளைக்குச் சொல்வாள், சொல்லட்டும். வீட்டுக்குள் வந்து அவர் படத்தின் முன்னால் நின்றேன். வீடு நிசப்தமாக இருந்தது, தும்மல் இல்லை. அப்போதுதான் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழும்போதும் பூவை எடுக்கவில்லை.

நாளைக்குப் போகிறேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ ஸ்டேஷன் வரைக்கும் வைத்துக்கொண்டு வந்தாய். அங்கிருந்து வீடு வரைக்கும் நான் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.