அதிகக் கமிஷன் தந்த லிங்க்

அன்பு மகள் ஜோவெலினுக்கு,

எஸ்டான்சியாவிலிருந்து அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், தைவான் குளிரில் நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இரண்டு வாரமாக விடாத மழை, அப்பாவின் படகு கரையிலேயே கிடக்கிறது, அவர் வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லையடி.

வேலை முடிந்த நேரத்தில் நீயும் ஆன்லைனில் பொருளைக் காட்டிக் கமிஷன் வாங்கப்போகிறேன் என்றாய். உடம்பு இளைக்கிற காபிக்கு நூற்றுக்கு முப்பது தருகிறார்கள், ரைஸ் குக்கருக்கு நாலுதான், எதை எடுக்கட்டும்மா என்று கேட்டாய். நான் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

போன வருஷம் நான் அதிகம் தருகிறவனைத்தான் எடுத்தேன். மூலிகை மாத்திரை. யார் செய்கிறார்கள், எந்த ஊர், கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டா, ஒன்றையும் பார்க்கவில்லை. என் பேரில் லிங்க் வந்ததும் தலைகால் புரியவில்லை. கம்பெனியில் பயிற்சி கொடுத்தவள் எடுத்த எடுப்பில், ஞானஸ்நான உறவுக்காரங்ககிட்ட முதல்ல போங்கக்கா, அவங்க வேண்டாம்னு சொல்லவே மாட்டாங்க என்றாள். நம் ஊரில் யார் வேண்டாம் என்பார்கள்? உன் ஞானத்தாய் நெனிதா, வாய்க்கு வாய் என்னை மாரே என்று முறை சொல்லிக் கூப்பிடுகிறவள், உன் லிங்க்ல நான் வாங்காம வேற எவ வாங்குவா மாரே என்று மாதாமாதம் வீட்டுக்கு வரும்படி ஆர்டர் போட்டுவிட்டாள். நான் ஃபேஸ்புக் லைவ் போடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பாருங்க, பதினாறு வயசுப் பொண்ணாயிட்டேன், நல்ல மாப்பிள்ளை இருந்தா சொல்லுங்க, என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்று எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

ஒருநாள் கம்பெனி அனுப்பியதை அப்படியே லைவில் படித்தேன். இதைச் சாப்பிட்டால் சர்க்கரைக்கு வேறு மருந்தே வேண்டாம், புண் வந்தாலும் பயப்படாதீர்கள், விஷம் வெளியேறுகிறது என்று இருந்தது. இரண்டு வீடு தள்ளி நர்ஸ் இருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷச் சர்க்கரைக்காரி நெனிதா என் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தாள். என் வாயிலிருந்து வந்ததால் நம்பினாள் மகளே. டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டாள், எனக்குச் சொல்லவில்லை. காலில் புண் வந்தபோதும் சொல்லவில்லை. இலோயிலோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது டாக்டர் என்னைத்தான் பார்த்து, மருந்தை எதுக்கு நிறுத்துனாங்க என்று கேட்டார். நான் தெரியாது என்றேன்.

உன்னிடம் சர்க்கரையால் போய்விட்டாள் என்றோம். பாதி உண்மை. மீதியை நேற்று வரை யாருக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்குக்கூட நேற்றுதான் தெரியும். கம்பெனிக்கு எழுதினேன், குரூப்பிலிருந்தே என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். ஆனால் அவள் போட்ட ஆர்டர் மட்டும் நிற்கவில்லை. நேற்று நான் நெனிதா வீட்டில் இருந்தபோது டெலிவரிக்காரன் பெட்டியோடு வந்தான். உன் ஞானத்தந்தை ரோமுலோ காசைக் கொடுத்து வாங்கி, அவள் படத்துக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மூன்று பெட்டிக்கு மேல் வைத்தார். எதுக்கு வாங்குறீங்க, திருப்பி அனுப்பிடுங்க என்றேன். அதெப்படி மாரே, உன் பேருக்குக் கெட்ட மார்க் விழும்ல, அவ இருந்தா விடுவாளா என்றார். பிறகு, நானும் தினம் ரெண்டு மாத்திரை போடுறேன், எனக்கும் சர்க்கரை இருக்குன்னு சொல்லிட்டாங்க என்றார். நான்கு பெட்டியையும் வாரிக்கொண்டு வந்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை, அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகவே கண்ணு, குக்கரையே எடு. அதையும் நீ வாங்கி, நீ சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசு. எழுதிக் கொடுத்ததைப் படிக்காதே. உன்மேல் உள்ள பிரியத்துக்காக வாங்குகிறவர்களுக்குத்தான் முதலில் பயப்படு.

மாதா உன்னை எந்த ஆபத்தும் அண்டாமல் காக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேரே ரோமுலோ வீட்டுக்குப் போகிறேன், எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவருக்குப் போன் செய். எடுக்காவிட்டால் அழாதே, அது உன்மேல் உள்ள கோபம் இல்லை.

உன் அம்மா,
எர்லிண்டா